சமையலறைப் பக்கத்து மாடிப்படி

ஜனவரி 12

என்னங்க,

இங்கே எல்லோரும் சௌக்கியம். இந்த வரியோடு கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். அடுத்த வரிக்கு உங்களுக்குக் கோபம் வரும். நம்முடைய பாதி வீட்டை ஒரு சினிமா கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன்.

போனில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உங்கள் கேம்ப்பில் இருப்பது ஒரே போன், வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் சாப்பிட்டாயா என்பீர்கள், நான் சாப்பிட்டீர்களா என்பேன், அதற்குள் பின்னால் இருமல் கேட்கும். அதனால்தான் கடிதம்.

போன வாரம் மின்சார ஆபீசுக்காக மீட்டர் பார்த்துக்கொண்டு வந்தபோது நம் வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. தொப்பி போட்ட ஒருவர் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். தள்ளிப் போய் விரல்களைச் சதுரமாக வைத்து அதன் வழியாகப் பார்த்தார். செங்கல் திருட வந்தவன் என்று நினைத்து மீட்டர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் சினிமா மேனேஜராம். வீடு எவ்வளவு நாளாக இப்படி நிற்கிறது என்று கேட்டார். மூன்று வருஷமாக என்றேன். அவருக்கு முகமெல்லாம் பல். நம் வீடு முடியாமல் நிற்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் மனுஷர் அவர்தான்.

கதையே முடியாத வீட்டைப் பற்றித்தானாம். வெளிநாட்டில் வேலை பார்க்கிற அப்பா பணம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார், கடைசியில் வீடு முடிகிறது, அவர் திரும்பி வருகிறார். நம் கதை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எந்தத் தெருவுக்குப் போனாலும் இதே கதைதாம்மா" என்றார்.

இந்த வாடகை தளம் போடப் போதும். தளம் போட்டுவிட்டால் மீதி மெல்ல நடக்கும். டிசம்பர் கடைசியில் உங்கள் கம்பெனி நீட்டுகிற தாளில் இன்னொரு மூன்று வருஷத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியிருக்காது. அதற்காகத்தான் விட்டேன், வேறு எதற்கும் இல்லை. குட்டியிடம் பள்ளிக்கூடத்தில் அப்பாவை வரையச் சொன்னார்களாம். ஒரு போனை வரைந்துவிட்டு வந்திருக்கிறாள்.

கோபப்பட்டு முடித்ததும் எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் இருப்பவள்


பிப்ரவரி 3

வீட்டுக்காரிக்கு,

உன் கடிதத்தை முதல் தரம் படித்தேன், கோபம் வந்தது. இரண்டாம் தரமும் வந்தது. அப்புறம் என்னோடு அறையில் இருக்கிற பெயிண்டரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர் சிரித்தார். இப்போது அவரோடும் பேச்சு இல்லை.

விடட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் கேட்காமல் விட்டிருக்கிறாய். அந்தச் சுவரில் இருக்கிற கல் ஒவ்வொன்றும் இங்கே நான் கண் எரிய எரிய இரும்பு ஒட்டிச் சம்பாதித்தது. அதில் எவனோ ஆணி அடிப்பான், காபி டம்ளரை வைப்பான், சுவரில் சாய்ந்து சிகரெட் பிடிப்பான். நம் மந்திரி ஒருவர் சினிமாவால் நாடு வளர்கிறது என்று ரேடியோவில் பேசினாராம், பக்கத்துக் கட்டில் டிரைவர் சொன்னார். சினிமாவால் வளர்ந்தது சினிமாக்காரன் தொந்திதான் என்றேன். நாட்டில் வேலை வளர்ந்திருந்தால் எங்கள் அறையில் நாலு கட்டில் ஏன் கிடக்கிறது?

டிசம்பரைப் பற்றி இப்போது பேசாதே. ஊரில் வெல்டருக்கு என்ன இருக்கிறது? உடைந்த நாற்காலிக் கால், சைக்கிள் கேரியர். குட்டியின் படிப்பை நாற்காலிக் காலில் ஓட்ட முடியாது. எனக்கு இங்கே இருக்க ஆசை என்று நினைத்துக்கொள்ளாதே.

நான் வரைந்து அனுப்பிய பிளான் பத்திரமா? மாடிப்படி ஹாலில், வாசலைப் பார்த்த மாதிரி. அதில் யாரும் கை வைக்கக் கூடாது. வாசல் கேட்டையும் தொடக் கூடாது. போன லீவில் நான் ஒட்டியது அது ஒன்றுதான்.

கதாநாயகி யார் என்று பெயிண்டர் கேட்கச் சொன்னார். எனக்கு அக்கறை இல்லை. சீக்கிரம் எழுது.


ஏப்ரல் 20

என்னங்க,

ஷூட்டிங் முடிந்து எல்லோரும் மூட்டை கட்டிவிட்டார்கள். தெரு வெறிச்சென்று இருக்கிறது. கதாநாயகி பெயர் கேட்ட பெயிண்டருக்குச் சொல்லுங்கள்: பெயர் போஸ்டரில் வரும், எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் என் தோள் உயரம்தான், வந்த நாளிலிருந்து ஜலதோஷம், பக்கத்து வீட்டில் வெந்நீர் வாங்கிக் குடித்துக்கொண்டே இருந்தாள்.

பெரிய நடிகர் உங்கள் அப்பாதான். தெருவில் நடந்து போக ஒரு வயசானவர் வேண்டும் என்று அவர்கள் தேடுவதற்குள், மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றுவிட்டார். டைரக்டர் மறுபடியும் என்று சொல்லும் போதெல்லாம் நடந்தார். கால் வலிக்கவில்லையா என்று கேட்டேன். "பஸ்ஸில கண்டக்டரா இருந்து எல்லாரையும் உள்ள போ உள்ள போன்னு விரட்டினேன். இப்ப ஒருத்தன் என்னை விரட்டுறான். நல்லாத்தான் இருக்கு" என்றார். அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நிற்பது அதிகமாகிவிட்டது.

தொந்தியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மந்திரி சொன்னது எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது மீட்டர். பஸ் நிலையத்துக்கு எதிர் லாட்ஜின் மீட்டர் போன வருஷம் பூராவும் தூங்கியது, சக்கரம் நகர்கிறதா என்று மூக்கை ஒட்டிப் பார்ப்பேன். சினிமாக்காரர்கள் வந்து தங்கியதும் பறந்தது. அந்தச் சூடு அடுத்து இஸ்திரிக் கடைக்கு வந்தது, அப்புறம் ஐஸ் கடைக்கு, அப்புறம் பந்தல் நாற்காலிக்காரர் குடோனுக்கு. தையல்காரர் துணை நடிகர்களுக்குச் சட்டை தைத்துத் தைத்து, இரண்டாவது மெஷின் வாங்கி மோட்டார் வைத்து, வேலைக்கு ஒரு பெண்ணையும் சேர்த்திருக்கிறார். மரக்கடைக்காரர் மகன் உங்களை மாதிரி விமானம் ஏறத் துணியெல்லாம் எடுத்து வைத்திருந்தான், இப்போது செட் வேலைக்குப் பலகை அறுக்கிறான். நஷ்டமும் இல்லாமல் இல்லை. எதிர் வீட்டுச் செடிகளை எல்லாம் மிதித்துத் துவைத்துவிட்டார்கள், அவர்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நம் வீட்டின் முன்பக்கத்தைப் பூசிச் சாயம் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். மீதியைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், இப்போது சொன்னால் ருசி போய்விடும்.

இன்னொரு சேதி. மேனேஜர் அடுத்த படத்துக்கு வீடு காட்டுகிற வேலையை எனக்குத் தந்திருக்கிறார். எந்த வாசலில் எப்போது வெயில் விழும், எந்தக் கொல்லையில் கிணறு இருக்கிறது, எந்த நாய் கடிக்கும், மீட்டர் பார்க்கிறவளுக்குத் தெரியாதா? மின்சார ஆபீஸ் வேலையையும் விடவில்லை. உங்களைக் கேட்காமல் இதற்கும் சரி என்றுவிட்டேன். ஒரேயடியாகக் கோபப்பட்டுவிடுங்கள்.


ஜூன் 1

வீட்டுக்காரிக்கு,

அப்பா நடித்திருக்கிறார் என்று சொன்னேன். கேம்ப்பில் ஒருவரும் நம்பவில்லை. படம் இங்கே வருமாம். இங்கே நம் ஊர்ப் படங்களுக்கு வேறு நாட்டுக்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள், எங்கள் ஃபோர்மேன் நம் பாட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் எங்களைத் திட்டுகிறார்.

வேலை கிடைத்ததற்குச் சந்தோஷம். வெயிலில் குடை பிடித்துக்கொள். பெயிண்டரோடு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டேன்.


நவம்பர் 6

வீட்டின் சொந்தக்காரிக்கு,

படம் பார்த்தேன். லீவு நாளில் கேம்ப்பே கிளம்பிப் போனது. இடம் இல்லாமல் பாதிப் பேர் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். அப்பா குறுக்கே நடந்ததும் நான் எழுந்து நின்று "எங்கப்பா" என்று கத்திவிட்டேன். பின்னால் இருந்தவன் உட்காருடா என்றான். நம் வீடு வந்ததும் பெயிண்டர் என் தொடையில் அடித்தார். முழுசாக, மாடியோடு, சாயம் அடித்து, ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டு நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்புறம் உள்ளே காட்டினார்கள்.

மாடிப்படியைச் சமையலறைப் பக்கத்தில் வைக்க உனக்கு யார் சொன்னது? ஹாலில் என்று எழுதினேன், வரைந்தேன், போனிலும் சொன்னேன். கேட்டைக்கூடத் தெருப் பக்கம் திறக்கிற மாதிரித் திருப்பி மாட்டியிருக்கிறாய். படியின் கைப்பிடி வெல்டிங் கண்றாவி, கதாநாயகி பிடித்துக்கொண்டு ஓடியபோது ஆடியது. முன்பக்கம் மட்டும் பூசினார்கள் என்று எழுதியவள், மாடி வரைக்கும் கட்டி முடித்திருக்கிறாய். வீடு முடிந்ததை நான் டிக்கெட் வாங்கி, ஆயிரம் பேரோடு உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பெயிண்டர் வழியெல்லாம் வாழ்த்துச் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன்.

நான் இல்லாமலே முடிந்துவிட்டது. நல்லது. இனி அங்கே என்னால் ஆக வேண்டியது பணம் மட்டும்தான். அதை இங்கிருந்து அனுப்பலாம். டிசம்பரில் தாள் வந்தால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.


நவம்பர் 21

என்னங்க,

முதலில் சிரித்ததற்கு மன்னித்துவிடுங்கள். உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். மாடிப்படி வந்த இடத்தில் மாமா சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. கடைசிப் பத்தியை மட்டும் அவரிடம் படிக்கவில்லை. அதைத் தனியாகப் படித்தேன், அழுதேன்.

மாடிப்படியே கிடையாதுங்க. மாடியும் கிடையாது. நம் வீடு நீங்கள் விட்டுப் போன மாதிரியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. முன்பக்கச் சுவருக்கு மேலே பலகையில் மாடி மாதிரி கட்டி, பின்னால் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள், போகும்போது கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இதைத்தான் படத்தில் பாருங்கள் என்று ஒளித்து வைத்தேன். விளையாட்டு வினையாகிவிட்டது.

நீங்கள் பார்த்த உள்பக்கம் தலைநகரத்தில் ஒரு பெரிய தகரக் கொட்டகைக்குள் இருக்கிறது, அதை ஃப்ளோர் என்கிறார்கள். வாசலில் கால் வைத்தால் நம் வீடு, தாண்டினால் அங்கே. நானே போய்ப் பார்த்தேன். அந்தப் படி மேலே ஒன்றுக்கும் போகவில்லை. உச்சியில் ஒரு சின்னப் பலகை, அதில் ஒரு ஆள் பதுங்கி உட்கார்ந்திருப்பார். அந்தப் பெண் ஓடி வந்ததும் கையைப் பிடித்து நிறுத்துவார், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் விழுந்துவிடுவாள். நீங்கள் அதற்கு என்னோடு சண்டை போட்டிருக்கிறீர்கள்.

ஆனால் ஒன்று. ஆர்ட் டைரக்டர் அளவு எடுக்க வந்தபோது மாடிப்படி எங்கே வரும் என்று கேட்டார். சமையலறைப் பக்கம் என்று சொன்னது நான்தான். உங்கள் பிளான் பெட்டியில் இருந்தது, நான் எடுக்கவில்லை. கூடத்தில் படி வந்தால் குட்டி பெரியவளாகி மேலே போவது வருவதை எல்லாம் விருந்தாளிதான் பார்ப்பான், நான் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். எனக்கு இந்தப் பக்கம் வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. நீங்கள் பிளான் வரைந்தீர்கள், அனுப்பினீர்கள், எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அங்கே வெயிலில் நிற்கிற மனுஷரிடம் படிக்கட்டுக்கு என்ன வாதம் என்று நானும் விட்டுவிட்டேன். சினிமாவிலாவது என் இஷ்டப்படி இருக்கட்டும் என்று தோன்றியது. தளம் போடும் பணம் பத்திரமாக இருக்கிறது. படிக்கு எங்கே இடம் விடுவது என்று மேஸ்திரி கேட்டுக்கொண்டே இருக்கிறார், சிமெண்ட் நல்லதாகக் கிடைக்கவில்லை என்று தள்ளிக்கொண்டே போகிறேன்.

கேட் விஷயத்தில் நீங்கள் சொன்னது நிஜம். கேமராவுக்காகத் திருப்பி மாட்டினார்கள், போகும்போது மறந்துவிட்டார்கள். இப்போது தெருவில் போகிறவர்கள் இடித்துக்கொள்கிறார்கள்.

கைப்பிடி ஆடியது உங்கள் கண்ணில்தான் பட்டது என்று நினைக்காதீர்கள். அந்தப் பெண் நிஜமாகவே ஒரு தரம் சறுக்கினாள், மேனேஜர் வெல்டரைக் கிழித்துவிட்டார். இங்கே மூன்று படம் எடுத்துவிட்டார்கள், இனி தலைநகரத்துக்கு ஓட வேண்டாம் என்று ஊருக்கு வெளியே பொட்டல் நிலத்தில் அதே மாதிரி ஃப்ளோர் கட்டப் போகிறார்கள். தூண் நடக் குழி எடுத்தாயிற்று. கேமரா ஓடத் தண்டவாளம், விளக்குக் கோபுரம், பரண் எல்லாம் இரும்புதான். நல்ல வெல்டர் இருந்தால் சொல்லுங்கம்மா என்றார். உங்கள் பெயர் எனக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வீட்டை உங்களைக் கேட்காமல் விட்டேன், உங்களையும் அப்படி விட மாட்டேன்.


டிசம்பர் 5

அன்புள்ள மகாராணிக்கு,

மறுபடி இரண்டு தரம் அந்தப் படத்துக்குப் போனேன். கதையைப் பார்க்கவில்லை, படியைத்தான் பார்த்தேன். மேலே ஒளிந்திருக்கிறவரின் விரல் நுனி ஒரு இடத்தில் தெரிகிறது. அப்பா ஒரே காட்சியில் நாலு தரம் இடமிருந்து வலமாகப் போகிறார், திரும்பி வரவே இல்லை. எங்கேதான் போகிறார் என்று பெயிண்டர் கேட்கிறார்.

பெயிண்டர் அழுதுவிட்டார். அவருக்கு ஊரில் ஒரு செங்கல்கூட இல்லை. ஆனால் அந்த வீடு தன் வீடு மாதிரி இருக்கிறது என்கிறார். கேம்ப்பில் பாதிப் பேர் அதையே சொல்கிறார்கள். எந்தத் தெருவிலும் இதே கதை என்று உன் மேனேஜர் சொன்னது சரிதான்.

வேலை விஷயம். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். ஃப்ளோர் அகலம் என்ன? தூண் குழாயா, சட்டமா? மேலே ஆட்கள் நடக்கிற பரண் எவ்வளவு பாரம் தாங்கும்? யாராவது இதையெல்லாம் கணக்குப் பார்க்கிறார்களா, இல்லை அந்தக் கைப்பிடி ஒட்டினவனே இதையும் ஒட்டப் போகிறானா? மேலே நடப்பவன் விழுந்தால் சினிமா இல்லை, சாவு.

பயமாகத்தான் இருக்கிறது. இங்கே மாதம் பிறந்தால் சம்பளம். சினிமா இன்றைக்கு உன் தெருவில் வெயில் நன்றாக விழுகிறது என்று வரும், நாளைக்கு வேறு ஊர் வெயில் பிடித்தால் போய்விடும். லாட்ஜ் மீட்டர் மறுபடி தூங்கினால் என்ன செய்வது? ஃபோர்மேன் தாளை நேற்றே கொடுத்துவிட்டார். தலையணைக்கு அடியில் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.


டிசம்பர் 17

என்னங்க,

நீங்கள் கேட்ட அளவெல்லாம் மேனேஜரிடம் கேட்டு இதோடு வைத்திருக்கிறேன். கேள்வியைப் படித்துவிட்டு அவர் தொப்பியைக் கழற்றினார். பரணைப் பற்றி அதுவரை யாரும் கேட்கவில்லையாம். யார் கேட்டது என்றார். எனக்குத் தெரிந்த ஒருவர் என்றேன்.

சினிமா போகலாம். போகாது என்று நான் எப்படிச் சொல்ல? ஆனால் உங்கள் கம்பெனியும் ஒரு நாள் கட்டிடம் முடிந்ததும் எல்லோரையும் அனுப்பிவிடும். ஃப்ளோர் என்பது தூண் நட்டுக் கட்டுவது, அதை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போக முடியாது. தையல்காரரிடம் வேலை கற்றுக்கொண்ட பெண் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். சினிமா போனாலும் கையில் வந்த வேலை போகாது. எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது. நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் சண்டை போட மாட்டேன். வருத்தப்படுவேன்.

குட்டியைப் படத்துக்குக் கூட்டிப் போனோம். கடைசியில் அந்த அப்பா பெட்டியோடு வந்து நம் கேட்டைத் திறந்து உள்ளே போகிறாரே, எல்லோரும் கைதட்டினார்கள். இவள் மட்டும் உம்மென்று இருந்தாள். ஏண்டி என்று கேட்டேன். "அவர் நெஜ அப்பா இல்லம்மா. நான் ஷூட்டிங்ல பாத்தேன். உள்ள போயிட்டு உடனே வெளிய வந்து கார்ல ஏறிப் போயிட்டாரு" என்றாள்.

இதற்கு நீங்களே பதில் எழுதுங்கள்.


டிசம்பர் 30

அன்புள்ள மகாராணிக்கு,

இன்று காலையில் ஃபோர்மேனிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்து இடம் வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு எங்கே போகிறாய் என்று கேட்டார். ஊரில் சினிமாவில் வேலை என்றேன். அவர் எழுந்து கை கொடுத்தார், அதுவும் நம் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே. ஆறு வருஷத்தில் முதல் தரம் அவர் எனக்குக் கை கொடுக்கிறார். நான் நடிக்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. நானும் திருத்தவில்லை.

கணக்கு முடித்து டிக்கெட் தர மூன்று வாரம் ஆகுமாம். மேனேஜரிடம் இப்போது என் பெயரைச் சொல்லலாம். பரணுக்கு நான் வந்து பார்க்கிற வரை யாரையும் ஏற்ற வேண்டாம் என்று சொல். என் கட்டிலைப் பெயிண்டர் எடுத்துக்கொள்கிறார், ஜன்னல் பக்கம் என்பதால். செட்டுக்குச் சாயம் அடிக்க ஆள் வேண்டுமா என்று கேட்கச் சொன்னார். இந்தத் தரம் எனக்கும் அக்கறை இருக்கிறது.

மேஸ்திரியைக் கூப்பிட்டுத் தளத்துக்கு நாள் பார்க்கச் சொல். மாடிப்படிக்குச் சமையலறைப் பக்கம் இடம் விடச் சொல். பிளானைக் கிழித்துவிடாதே, பின்பக்கத்தில் புதிதாக வரையலாம், நீ சொல்லச் சொல்ல. கைப்பிடி நான் ஒட்டுகிறேன். அது ஆடாது.

குட்டிக்கு என்னையே பதில் எழுதச் சொல்லியிருந்தாய். இதைப் படித்துக் காட்டு: அப்பா பெட்டியோடு வந்து அதே கேட்டைத்தான் திறப்பார். உள்ளே போன பிறகு ஒரே ஒரு தரம் வெளியே வருவார், அந்தக் கேட்டைக் கழற்றி வீட்டுப் பக்கம் திறக்கிற மாதிரித் திருப்பி மாட்ட. அப்போது அவள் பக்கத்தில் நின்று திருகாணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.